அருளப்பன் என்னும் பெயர்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் நம்மைப் பணித்தனர். வரலாறு என்றவுடன் திருக்கோவலூர் மலையமானைப் பற்றியோ செஞ்சிக் கோட்டையைப் பற்றியோ எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுதுதற்கு அறிஞர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது, ஒரேயொரு பெயர். முகையூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் நம் தெருமுனையில் நின்று ‘அருளப்பா’ என்று குரல் கொடுத்தால், திரும்பிப் பார்ப்பவர் ஒருவராக இருப்பதில்லை. அத்துணைப் பழகிய பெயர் அது. பழகியதாலேயே அதன் பொருளை நம்மில் எவரும் வினவுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குரிய பெயர்ப் பட்டியல் ஆயத்தமாகிக் கொண்டிருந்த நாள்களில், மாணவன் ஒருவன் நம் அறைக்கு வந்தான். “ஐயா, என் பெயரை மாற்றித் தர முடியுங்களா?” என்றான். பெயரில் என்ன குறை என்று கேட்டோம். “பழைய காலத்துப் பெயராக இருக்கிறது ஐயா. ஜான் என்று இருந்தால் நன்றாக இருக்கும்” என்றான். அவன் பெயர் அருளப்பன். அவன் விட்டொழிக்க விரும்பிய பெயரும் பெற விரும்பிய பெயரும் ஒன்றே என்பதை அவன் அறியான். பெயர் மாற்றம் என்றால் அரசிதழில் வெளியிட வேண்டும் என்ற விதியைச் சொல்லி அன்று அவனை அனுப்பி வைத்தோம். விதியைச் சொன்னோமேயன்றிப் பொருளைச் சொன்னோமில்லை. அந்தக் கடன் இன்றும் நம் நெஞ்சில் உறுத்துகின்றது.

அருளப்பன் என்பதன் மூலம் எபிரேய மொழியிலுள்ள யோஹானான் என்னும் பெயராகும். இதன் முதற்பகுதியாகிய ‘யோ’, இசுரயேல் மக்கள் தம் கடவுளுக்கு வழங்கிய திருப்பெயரின் சுருக்கம். பிற்பகுதி, அருள் செய்தார் எனப் பொருள்படும் வினைச்சொல். ஆகவே ‘கடவுள் அருள் செய்தார்’ என்பது இப்பெயரின் பொருள். தமிழில் நாம் இடும் பெயர்கள் பெரும்பாலும் பெயர்ச்சொல்லாக நிற்பவை. எபிரேயப் பெயர்களுள் பலவோ எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியங்கள். பிள்ளையை விளிக்குந்தோறும் பெற்றோர் ஒரு செய்தியை ஊரறியச் சொல்லிக்கொண்டேயிருப்பர்.

இப்பெயர் பழைய ஏற்பாட்டிலேயே உண்டு. பாபிலோனியர் எருசலேமை அழித்தபின் எஞ்சிய மக்களைத் திரட்டி எகிப்துக்கு அழைத்துச் சென்ற படைத்தலைவனை எரேமியாவின் நூல் கரேயாவின் மகன் யோகனான் என்று குறிக்கின்றது. இது நிகழ்ந்தது கி.மு. ஆறாம் நூற்றாண்டு. இவ்வேரிலிருந்து கிளைத்த பிற பெயர்களும் பல. தானியேலின் தோழனாகிய அனனியா அவற்றுள் ஒன்று. சாமுவேலின் தாயாகிய அன்னாள் மற்றொன்று. பிள்ளையில்லாதவள் என்று இகழப்பட்டவள் அவள். கோயிலில் உதடுமட்டும் அசைய அவள் வேண்டிநின்றபோது, குடித்திருக்கின்றாள் என்று குருவே ஐயுற்றார். அவள் பெயரே அன்னா என்றாகி நம்மிடையே அன்னம்மாள் என வழங்குகின்றது. நம் ஊர்களில் கணவர் அருளப்பன், மனைவி அன்னம்மாள் என்று அமைந்த இல்லங்கள் உண்டு. ஒரே வேர்ச்சொல் இருவருக்கும் பெயராயிற்று என்பது அவர்களுக்குத் தெரிந்திராது.

இவ்விடத்தில் இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை. அன்னாள் என்னும் பெயர் தமிழ் ‘அன்னை’யிலிருந்து வந்தது என்று மேடையில் முழங்குவாரைக் கேட்டிருக்கின்றோம். கேட்க இனிமைதான், ஆயினும் உண்மையன்று. ஒலி ஒத்திருப்பதுகொண்டு உறவு சொல்லுதல் சொல்லாராய்ச்சி ஆகாது.

உண்மையான உறவு வேறிடத்தில் உள்ளது. அதே எபிரேய வேரிலிருந்து ‘ஹின்னாம்’ என்றொரு சொல் பிறந்தது. விலையின்றி, கைம்மாறின்றி என்பது அதன் பொருள். கடவுள் விலையின்றித் தருவதனால் அது அருள். ஆனால் மனிதன் மற்றொரு மனிதனிடம் விலையின்றிப் பெறுவது யாது? எரேமியாவின் நூலில் இருபத்திரண்டாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அயலானை வேலை வாங்கிக் கூலி கொடாது தன் மாளிகையை எழுப்புகின்றவனுக்குக் கேடு வரும் என்று இறைவாக்கினர் அங்கே இடித்துரைக்கின்றார். அவர் கைநீட்டிக் குற்றஞ்சாட்டியது யோயாக்கீம் என்னும் அரசனை. கூலியின்றி என்று சொல்ல அவர் ஆண்ட சொல் இந்த ஹின்னாம் என்பதே. நம் பாட்டன்மார் இதனை ‘வெட்டி’ என்ற சொல்லால் அறிவர். பண்ணையாளாகப் பிறந்து பண்ணையாளாகவே மடிந்தவர் எத்தனையோ பேர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ஆம் ஆண்டில்தான் இந்நாட்டில் இயற்றப்பட்டது. அருளப்பன் என்று பெயர் பூண்டு கூலியில்லாமல் ஏர் ஓட்டியவன் தன் பெயருக்குள்ளேயே தன் வழக்கும் அடங்கியிருந்ததை அறியாமற் போனான்.

இப்பெயர் எபிரேயரோடு நின்றுவிடவில்லை. எபிரேயத்தோடு உறவுடைய பினீசிய மொழி பேசிய கார்த்தேஜ் நகரத்தில், உரோமையை நடுங்கவைத்த படைத்தலைவன் ஒருவன் தோன்றினான். கி.மு. 247-இல் பிறந்த ஹன்னிபால் அவன். ‘பாகால் அருளினார்’ என்பது அவன் பெயரின் பொருள். கடவுள் வேறு, வினைச்சொல் அதுவே. யோஹானான் என்பது கிரேக்கர் நாவில் யோஆன்னேஸ் ஆயிற்று, இலத்தீனில் யோஹன்னெஸ். பின்னர் இசுபானியத்தில் ஹுவான், இத்தாலியத்தில் ஜொவான்னி, உருசியத்தில் இவான், செருமானியத்தில் ஹான்ஸ், ஆங்கிலத்தில் ஜான் எனப் பலவாறு திரிந்தது. நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அதனை ழான் என்றனர். கேரளத்துச் சிரியக் கிறித்தவரிடம் யோஹன்னான், உலஹன்னான் என வழங்குகின்றது. இசுலாமியர் இவரை யஹ்யா என்னும் பெயரால் இறைத்தூதருள் ஒருவராகப் போற்றுவர். இப்பெயர் இவருக்கு முன் எவருக்கும் இடப்படவில்லை என்று திருக்குர்ஆன் கூறுவதும் அறியத்தக்கது.

குடும்பத்தில் இல்லாத புதுப்பெயர் என்னும் இச்செய்தி, லூக்கா எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் ஒரு சிறு நாடகம்போல் விரிகின்றது. முதுமையில் பிறந்த பிள்ளைக்குப் பெயரிட உறவினர் கூடுகின்றனர். தந்தையின் பெயரையே இட வேண்டும் என்பது அவர்கள் கருத்து. தாய் எலிசபெத்து, யோவான் என்றே பெயரிட வேண்டும் என்கின்றாள். உன் குலத்தில் இப்பெயர் யாருக்கும் இல்லையே என்று கூட்டம் மறுக்கின்றது. பேசும் ஆற்றலை இழந்திருந்த தந்தை செக்கரியாவை வினவுகின்றனர். அவர் எழுதுபலகை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பிள்ளையின் பெயரை அதில் எழுதுகின்றார். எழுதியதும் அவர் நாக்கின் கட்டு அவிழ்கின்றது. கரும்பலகையோடு வாழ்நாளைக் கழித்த நமக்கு இப்பகுதியில் தனிப் பற்று உண்டு என்பதை மறைப்பானேன்?

இனி இப்பெயர் தமிழுக்கு வந்த வரலாற்றைக் காண்போம். முத்துக்குளித்துறையில் போர்த்துகீசியர்வழிக் கிறித்தவம் பரவியபோது, மனந்திரும்பியோர் போர்த்துகீசியப் பெயர்களை அப்படியே ஏற்றனர். பெர்னாண்டோ முதலிய பெயர்கள் அக்கடற்கரையில் இன்றும் நிலவுகின்றன. உள்நாட்டில் நடந்தது வேறு. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்ற தமிழ்ப்பெயர் பூண்டு, கிறித்தவனாவதற்குப் பறங்கியனாக வேண்டுவதில்லை என்ற கொள்கையை நிறுவினார். அவருடைய மதுரை மிசன் மரபில் பெயர்களை ஒலிபெயர்க்காது பொருள்பெயர்க்கும் வழக்கம் வேரூன்றியது. பாறை என்று பொருள்படும் பேதுரு, தெலுங்கில் கல்லைக் குறிக்கும் ‘ராயி’ என்னும் சொல்லால் இராயப்பர் ஆனார். சிறியவர் என்று பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். ஆண்மையைக் குறிக்கும் அந்திரேயா பெலவேந்திரர் ஆனார். ‘கடவுள் உதவினார்’ என்னும் பொருளுடைய எலயாசர் என்ற எபிரேயப் பெயரே இலாசர் என மருவிற்று. அது தமிழில் தேவசகாயம் ஆயிற்று. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் சுட்டுக்கொல்லப்பட்டு, 2022-இல் புனிதராக அறிவிக்கப்பெற்ற தேவசகாயம் பிள்ளை பூண்ட பெயர் அதுவே. யோவான் அருளப்பர் ஆனார்.

மறவர் நாட்டு ஓரியூரில் 1693-ஆம் ஆண்டு தலைவெட்டுண்ட போர்த்துகீசியத் துறவியின் இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. அவர் நம் நாட்டில் அருளானந்தர் எனப்பட்டார். ஜான் என்பதே ‘அருள்’ ஆயிற்று என்பது வெளிப்படை. வீரமாமுனிவரோ தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்கின்றார். ‘மேலும் சேர்ப்பாராக’ என்னும் பொருளுடைய யோசேப்புக்கு அவர் இட்ட பெயர் வளன். கருணையன் தன் தாயை இழந்து புலம்பும் பகுதி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றதை நம் மாணவர் அறிவர். தேர்வுக்கு அதனை மனப்பாடம் செய்தோருள் எத்தனை அருளப்பன்கள் தம் பெயரே அங்கிருப்பதைக் கண்டனர்?

கருணை, இரக்கம், தயவு எனச் சொற்கள் பல இருக்க, அருள் என்பது நிலைத்தது நன்றே என்பது நம் கருத்து. அன்பு தொடர்புடையார்மேற் செல்வது. அருள் தொடர்பு நோக்காது எவ்வுயிர்மேலும் செல்வது. அருளை அன்பு ஈன்ற குழந்தை என்று வள்ளுவர் உருவகித்ததும் இதுபற்றியே. உரிமை கோர வழியற்றவனுக்குக் கிடைக்கும் தயவு என்னும் எபிரேயக் கருத்துக்கு இதனினும் நெருங்கிய தமிழ்ச்சொல் வேறில்லை. மொழிபெயர்ப்பில் ஓர் இழப்பும் உண்டு. கடவுளின் திருப்பெயர் மறைந்துவிட்டது. வாக்கியம் பெயர்ச்சொல்லாகச் சுருங்கிவிட்டது. அதற்கு ஈடாக ‘அப்பன்’ என்னும் அருமையான தமிழ்ச்சொல் வந்து சேர்ந்தது.

அந்த அப்பன்தான் நம் தெருக்களில் இடர்ப்பட்டான். நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பண்ணையாளை ‘அப்பன்’ என்று முடியும் பெயரால் அழைக்க ஆண்டைக்கு நா எழவில்லையாம். அருளப்பன் ‘அருளு’ ஆனான். இராயப்பன் ‘ராயா’, சின்னப்பன் ‘சின்னா’ ஆயினர். நரைத்த தலையரையும் நண்டுஞ்சிண்டும் இவ்வாறே அழைத்தன. இலக்கணத்திலும் ஒரு வேற்றுமை காண்க. பீடத்தில் நிற்பவர் அருளப்பர். வயலில் நிற்பவன் அருளப்பன். ஈற்றிலுள்ள ‘அர்’ என்னும் மரியாதை விகுதி பீடத்தைவிட்டு இறங்கி வரவில்லை.

கோயிலுக்குள்ளும் நிலை பெரிதும் மாறியிருந்ததெனச் சொல்வதற்கில்லை. நொபிலி பெயர்களைத் தமிழாக்கியது போற்றற்குரியது. ஆயினும் சாதி வழக்கத்தை அவர் இடையூறின்றி விட்டதனையும் மறைத்தலாகாது. எளிய மக்களிடையே பணியாற்றவெனப் பண்டாரசாமிகள் என்ற தனிப்பிரிவு 1640-ஆம் ஆண்டையொட்டித் தோன்றியது. உயர்ந்தோர்க்கு ஒரு குரு, தாழ்ந்தோர்க்கு ஒரு குரு என்றாயிற்று. அருளானந்தரும் பண்டாரசாமியாக வாழ்ந்தவரே. புதுச்சேரியில் சம்பா கோயில் என ஒன்று உண்டு. சின்னப்பரின் பெயராகிய ‘சாம் பாவுலோ’ என்பதன் மரூஉ அது. அக்கோயிலுக்குள் நம் மக்களைப் பிரித்து ஓர் இடைச்சுவர் இருந்தது. 1745-இல் நம் மக்கள் திரண்டு சென்று, உம் சீடராதற்கு நாங்கள் தகுதியுடையோம் எனின் எல்லாரையும் ஒன்றாக நடத்துக என்ற கருத்துப்படப் பெரிய குருவிடம் முறையிட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். எழுதியவர்க்கு அச்செயல் உவப்பாயில்லை. அவர் எழுதி வைத்ததனால் நமக்குத் தெரிந்தது. சுவரின் இருபுறத்திலும் ஞானப்பெயர்கள் ஒன்றாகவே இருந்தன. எறையூரில் 2008-ஆம் ஆண்டு நிகழ்ந்த பூசலை நினைப்பார்க்கு, எல்லாச் சுவர்களும் 1745-இல் இடிந்துவிடவில்லை என்பது விளங்கும்.

பெயர் என்பது நமக்கு எஞ்ஞான்றும் போராட்டப் பொருளாகவே இருந்து வந்துள்ளது. இழிவாக வழங்கிய பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று அரசு ஆவணங்களில் எழுத வேண்டும் என எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் வாதாடி 1922-இல் வெற்றி கண்டார். அது சமுதாயத்தின் பெயர். தனி மனிதனின் பெயரோ 1950-ஆம் ஆண்டு முதல் வேறொரு சிக்கலுக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956-இல் சீக்கியர்க்கும் 1990-இல் பௌத்தர்க்கும் அவ்விலக்கு தளர்ந்தது, கிறித்தவர்க்குத் தளரவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பெற்றனர். விலக்கை நீக்கலாம் என 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022-இல் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது.

இதன் விளைவைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் காணலாம். கோயில் ஏட்டில் ஒரு பெயர், பள்ளி ஏட்டில் ஒரு பெயர். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் ஒரு பட்டியலில், தம்பி மற்றொரு பட்டியலில். சான்றிதழுக்குச் சென்ற இளைஞனிடம், “பெயரே சொல்கிறதே, இன்னும் என்ன சான்று வேண்டும்?” என்று கேட்ட அலுவலரும் உளர். பெயர் என்ன சொல்கின்றது? கடவுள் அருளினார் என்கின்றது. சாதி நீங்கிவிட்டது என்று அது எங்கும் சொல்லவில்லை. பெற்றோர் இரண்டு பெயர் வைப்பதை நாம் குறைகூறத் துணியோம். பிள்ளையின் படிப்புக்காகத் தம் பெயரை மறைக்கும் நிலை அவர்களாக விரும்பி ஏற்றதன்று. சங்கத்து இந்து உறுப்பினரும் கிறித்தவ உறுப்பினரும் இதனை ஒரு வீட்டுச் செய்தியாகவே கருத வேண்டுகின்றோம்.

முடிக்குமுன் நம் மாவட்டத்துச் செய்தி ஒன்று. கத்தோலிக்கர் நெடுங்காலம் அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் என்றே படித்து வந்தனர். சீர்திருத்தத் திருச்சபையார் யோவான், பேதுரு, பவுல் என்றனர். இருசாராரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. அதனை வெளியிட்டது நம் திண்டிவனத்தில் இயங்கிய தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம். அம்மொழிபெயர்ப்பு யோவான் முதலிய வடிவங்களையே கொண்டது. ஒற்றுமைக்காக அவ்வாறு செய்தது சரியே. ஆயினும் நானூறாண்டு மரபுடைய தமிழாக்கம் ஒன்று வேத நூலின் பக்கங்களிலிருந்து அவ்வாறு நீங்கிற்று. 1986-இல் சென்னைக்கு வந்த திருத்தந்தையை இரண்டாம் அருள் சின்னப்பர் என்று அழைத்த நாம், பின்னர் அவரையே இரண்டாம் யோவான் பவுல் என்று எழுதலானோம். இன்று இளைஞர் சிலர்க்கு இவ்விருவரும் ஒருவரே என்பதும் தெரியவில்லை. அருளப்பர் என்னும் வடிவம் ஏட்டைவிட்டு நீங்கியபின், அது வாழுமிடம் மனிதரின் பெயர்களே. அதிலும் நம்மைப் போன்றார் பெயர்களே.

அந்த மாணவன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அரசிதழ்க் கட்டணத்துக்கு அஞ்சியிருக்கலாம். இப்போது நம் பதிவேடுகளில் அருளப்பன் குறைந்து ஜான், ஜான்சன் முதலிய பெயர்கள் மிகுந்து வருகின்றன. பாட்டனார் அருளப்பன், பேரன் ஜான்சன் என்றமைந்த வீடுகளும் உண்டு. ஜான்சன் என்றால் ஆங்கிலத்தில் ஜானின் மகன், அதாவது அருளப்பன் மகன். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவியது. புதுப்பெயர் வைத்ததாக எண்ணிய அப்பெற்றோர், தாம் அறியாமலே பிள்ளைக்குப் பாட்டன் பெயரை இட்டிருக்கின்றனர். சேர்க்கை நாளில் அத்தகையோர் வந்து அமரும்போது இப்போதெல்லாம் நாம் எழுதுகோலைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, இதனைச் சொன்ன பிறகே பெயரை எழுதுகின்றோம்.